மாமன் சீர்... மூணு வருஷம் லேட்!

கொஞ்சம் குனிஞ்சு, உங்க கட்டிலுக்கு அடியில என்ன இருக்குன்னு பாருங்களேன்!

ரெண்டே ரெண்டு கார்டு கத்துக்கிட்டதோட நின்னுபோன கிடார், நாற்பதாம் பக்கத்துல மூடின ஜெர்மன் புக், ஒரு கை மட்டும் பின்னின ஸ்வெட்டர்... ஏதாவது ஒண்ணு கண்டிப்பா இருக்கும். என் கட்டிலுக்கு அடியில ஒரு ஜவுளிக்கடை கட்டைப்பை இருந்துச்சு. ஹாஸ்டல் கட்டில், வீட்டுக் கட்டில், பெங்களூரு ரூம் கட்டில்னு மூணு கட்டில் மாறிச்சு. பை மட்டும் மாறவே இல்லை. உள்ளே 64 சதுரத் துணி. அதுல 40-ஐ ஒண்ணோட ஒண்ணு தைச்சிருந்தேன். மிச்சம் 24 தனித்தனியா அழுதுக்கிட்டிருந்துச்சு.

அது ஒரு போர்வை. ஸாரி, போர்வையா ஆகியிருக்க வேண்டியது!

‘க்வில்ட்’னு கேள்விப்பட்டிருப்பீங்க. மேல ஒரு துணி, கீழ ஒரு துணி, நடுவுல பஞ்சோ பழைய துணியோ வெச்சு, மூணும் நகராதபடி சேர்த்துத் தைச்சா அதான் க்வில்ட். சாண்ட்விச் மாதிரி. மேல்துணியைத் துண்டு துண்டா இணைச்சா அது பேட்ச்வொர்க். அமெரிக்காவுல இதைப் பண்றவங்க, பாதியில நிக்கிற போர்வைக்கு ‘யு.எஃப்.ஓ.’ன்னு பேரே வெச்சிருக்காங்க. பறக்கும் தட்டு இல்லை பாஸ், ‘அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட்’! தனியா பேர் வைக்கிற அளவுக்கு அங்கேயும் கட்டிலுக்கு அடியில கூட்டம் போல.

சரி, ஆறு அரியர் வெச்சிருந்த ஒரு பையன் எதுக்கு ஊசியும் நூலும் எடுத்தான்?

மூணாவது வருஷம் படிக்கிறப்போ அக்கா மாசமா இருந்தா. வளைகாப்பு முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு. ஒரே தம்பி நான். அதாவது, தாய்மாமன்! வர்ற பெரியம்மா, சித்தி எல்லாரும் “மாப்ளே, மருமகப் பிள்ளைக்கு என்ன சீர் செய்யப்போறே?”ன்னு கேட்டுட்டு, என் மூஞ்சியப் பார்த்துச் சிரிப்பாங்க. மெஸ் பில்லுக்கே கடன் வாங்கிக்கிட்டிருந்த நேரம். அரைப் பவுன் மோதிரத்துக்கு எங்கே போறது? நெட்ல பேட்ச்வொர்க் வீடியோ ஒண்ணு பார்த்தேன். ‘குழந்தைக்கு நம்ம கையால ஒரு போர்வை... செலவே இல்லையே!’ன்னு தோணிச்சு.

செலவில்லாத ஐடியாதான் கடைசியில ரொம்ப காஸ்ட்லியா முடியும். கேளுங்க.

வீட்டு ட்ரங்குப் பெட்டியில அம்மாவோட ஒரு பழைய சின்னாளபட்டி சுங்குடி கிடந்துச்சு. அரக்கு கலர், வெளுத்துப்போயி, நடுவுல ஒரு ஓட்டை வேற. கட்டவா போறாங்கன்னு நினைச்சு, முந்தி பக்கமா பத்து இன்ச் நீளத்துக்கு கத்திரியை வெச்சு, 12 சதுரம் எடுத்துட்டேன். ரேஷன் கடைக்குப் போயிருந்த அம்மா வந்து பார்த்தாங்க. திட்டலை. வெட்டின துண்டுல ஒண்ணைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, “இதுலதான்டா உங்கக்காவுக்குத் தூளி கட்டினேன்”னாங்க. மிச்சச் சேலையை மடிச்சுப் பெட்டியில வெச்சாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேச்சே எடுக்கலை. நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்!

கிடாரைத் தூக்கிப் போட்டா நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான். கத்திரி வெச்ச சேலை அப்படியில்லை. போர்வையா முடிச்சாத்தான் அது ஒரு பொருள். முடிக்கலைன்னா, அம்மா பத்திரமா வெச்சிருந்த ஒண்ணை நான் கந்தலாக்கிட்டேன்னு அர்த்தம்.

தெரிஞ்சும் ஏன் நிறுத்தினேன்? கணக்கு இடிச்சுது மக்களே. அஞ்சு இன்ச் சதுரம், வரிசைக்கு எட்டு, எட்டு வரிசை. கால் இன்ச் உள்ளே பிடிச்சுத் தைச்சா நடுச்சதுரம் ஒவ்வொண்ணும் நாலரை இன்ச் நிக்கும். மூணடிக்கு மூணடி போர்வை ரெடி. பேப்பர்ல ரொம்ப அழகு! ஒரு வரிசையில ஏழு இணைப்புத் தையல். ஒவ்வொண்ணுலயும் கை தவறி ஒரே ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச், கூடப் பிடிச்சா என்னாகும்? ரெண்டு பக்கத் துணியும் சேர்ந்து கால் இன்ச் போகும். ஏழு கால் சேர்த்தா ஒண்ணேமுக்கால் இன்ச்! என்னோட முதல் வரிசையும் மூணாவது வரிசையும் ரெண்டு இன்ச் வித்தியாசத்துல நின்னுச்சு. மூலைக்கு மூலை சேரவே இல்லை. வீடியோவுல அந்தம்மா உருளைக் கத்தி, அளவு போட்ட ரப்பர் பாய், தடிமனான ஸ்கேல் எல்லாம் வெச்சு வெட்டினாங்க. என்கிட்ட இருந்தது இன்ஜினீயரிங் டிராயிங் ஸ்கேலும் கறிவேப்பிலை வெட்டற கத்திரியும்!

போதாக்குறைக்கு ஹாஸ்டல் பசங்க. “மச்சி, அப்படியே என் பாவாடைக்கு நாடா கோத்துக் குடுடா!”ன்னு ஒரே அலப்பறை. (ஊர்ல பாதி டெய்லர் கடையில மெஷின் மிதிக்கிறது ஆம்பளைங்கதான். அந்தப் பசங்க பேன்ட்டுக்கு ஜிப் மாத்தினது யாருன்னு கேட்டிருக்கணும். அப்போ தோணலை.) அப்புறம் அரியர், பிராஜக்ட், கேம்பஸ். பாப்பா பிறந்தா. பேர் வெச்சாங்க. முதல் பிறந்தநாள் வந்துச்சு. பை கட்டிலுக்கு அடியிலயே இருந்துச்சு.

வேலை கிடைச்சு பெங்களூரு போனப்புறம், ஒரு கைவினைப் பொருள் சந்தையில சும்மா சுத்திக்கிட்டிருந்தப்போ அந்தப் போர்வையைப் பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், கட்டம், பூப்போட்டதுன்னு எந்த ஒழுங்கும் இல்லாத துண்டுகள். ஒரு சதுரம்கூட ஸ்கேல் வெச்சு வெட்டினது கிடையாது. ஆனா கண்ணை எடுக்க முடியலை! பேரு ‘கவந்தி’. கர்நாடகாவுல உத்தர கன்னட மாவட்டத்துல எல்லாப்பூர், ஹலியால், முண்ட்கோடு பக்கத்துக் கிராமங்கள்ல வாழற சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கிறது. ஆப்பிரிக்காவுலேர்ந்து அடிமைகளாவும் வேற வழிகள்லயும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவங்களோட சந்ததி அவங்க. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர்னு மூணு மதத்துலயும் இருக்காங்க. போர்வை மட்டும் எல்லாருக்கும் பொது.

அங்கே உட்கார்ந்து தைச்சுக்கிட்டிருந்த அம்மா பக்கத்துல அரை மணி நேரம் குத்தவெச்சுட்டேன். அவங்க கன்னடம், நான் தமிழ். ஊசிக்கு ரெண்டும் தேவைப்படலை. அப்பதான் மண்டையில பல்பு எரிஞ்சுது. நான் சதுரம் சதுரமா தைச்சு, முதல்ல மேல்துணியை முடிச்சு, அப்புறம் அடித்துணி வெச்சு, அப்புறம் மறுபடி தைச்சு, கடைசியில ஓரம் கட்டணும்னு நாலு வேலையா வெச்சிருந்தேன். அவங்களுக்கு எல்லாமே ஒரே வேலை! அடியில பழைய சேலையை விரிக்கிறாங்க. ஒரு மூலையில ஓரத்தை மடிச்சு, மேல ஒரு துண்டு வெச்சு, ரன்னிங் ஸ்டிச் ஓட்டறாங்க. அடுத்த துண்டு, முன்னாடி துண்டோட ஓரத்துல ஏறி உட்காருது. இப்படியே நாலு பக்கமும் ஓரத்தைச் சுத்தி வந்து, சுத்திச் சுத்தி உள்ளே போனா, நடுவுல போய் முடியும். ஓரம் கட்டற வேலை முதல்லயே முடிஞ்சிடுது. மூலைக்கு மூலை சேர வேண்டிய தலைவலியே கிடையாது. நாலு மூலையிலயும் துணியை முக்கோணமா மடிச்சு வெச்சுத் தைக்கிறாங்க. அதுக்குப் பேர் ‘பூ’. பூ இல்லைன்னா போர்வை முடியலைன்னு அர்த்தமாம்.

ரூமுக்கு வந்து தேடினா, ஒரு பெரிய உலகமே இருக்கு. வங்காளத்துல பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலேர்ந்தே நூல் உருவி, ‘காந்தா’ தைக்கிறாங்க. நாம சொல்ற ‘கந்தை’யும் அதே குடும்பத்துச் சொல்தான். அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல, ஆத்து வளைவுக்குள்ளே ‘ஜீஸ் பெண்ட்’னு ஒரு சின்ன ஊர். அடிமைகளா பருத்திக் காட்டுல வேலை பார்த்தவங்களோட வம்சம். 1942-ல புருஷனை இழந்த மிசௌரி பெட்வேங்கிற பெண், அவர் காட்டு வேலைக்குப் போட்ட துணிகளை மகளோட சேர்ந்து கிழிச்சு ஒரு போர்வை தைச்சாங்க. அவர் ஞாபகமா போர்த்திக்க. முட்டி தேஞ்ச இடம், வெளுத்த இடம் எல்லாம் அதுல அப்படியே தெரியும். அந்த ஊர்ப் போர்வைகளை 2002-ல ஹூஸ்டன் மியூசியத்துல மாட்டினாங்க, அப்புறம் நியூயார்க்ல. 2006-ல தபால்தலையே வந்துச்சு. அந்தப் போட்டோக்கள்ல கோடு எல்லாம் என்னோடதை மாதிரியே கோணல்! எனக்கு என்ன ஒரு ஆறுதல்!

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ பையையும் தூக்கிட்டுப் போனேன். அக்கா வந்திருந்தா. “சித்திரையில குலதெய்வம் கோயில்ல பாப்பாவுக்கு மொட்டை, காதுகுத்து. நீதான் மடியில வெச்சுக்கணும்”னா. தாய்மாமன் மடி! அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட, “அந்தச் சேலை மிச்சம் இருக்கா?”ன்னு கேட்டேன். ரெண்டு நிமிஷம் எதுவும் பேசலை. எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து எடுத்து வந்து, “இதையும் வெட்டவா?”ன்னாங்க. “வெட்டலை. மடிக்கிறேன்”னேன்.

நிஜமாவே வெட்டலை. அஞ்சரை மீட்டர் சேலையில வெட்டினது போக, அஞ்சு மீட்டருக்கு மேல இருந்துச்சு. பாப்பா வளர்ந்துட்டா, மூணடி போர்வை பத்தாது. அஞ்சடிக்கு மூணரை அடின்னு வெச்சுக்கிட்டேன். சேலையை மூணா மடிச்சா நீளம் சரியா வந்துச்சு. அடித்துணி, நடுத்துணி எல்லாம் அதுவே. தேஞ்ச காட்டன்ங்கிறதால மூணு மடிப்புலயும் ஊசி வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்குச்சு. மேல என்னோட 64. கோணலா இணைஞ்ச 40-ஐயும் பிரிக்காம, பட்டை பட்டையா அப்படியே வெச்சுட்டேன்.

நீங்களும் இறங்கறதா இருந்தா, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை மட்டும் சொல்றேன். துணியெல்லாம் காட்டனாவே இருக்கட்டும். பனியன் துணி இழுபடும், பாலியஸ்டர் வழுக்கும். புதுத்துணி ஏதாவது சேர்த்தா, முதல்ல துவைச்சுடுங்க. இல்லைன்னா போர்வையானப்புறம் அது மட்டும் சுருங்கும். சாயம் போகுதான்னு தனித்தண்ணியில ஊறவெச்சுப் பாருங்க. நூலை ரெண்டு முழத்துக்கு மேல வெட்டாதீங்க, சிக்கும். மெழுகுவர்த்தியில ஒரு இழுப்பு இழுத்துட்டா சமத்தா ஓடும். முடிச்சைத் துணி மடிப்புக்குள்ளே மறைச்சுடுங்க. ஆரம்பிக்கும் முன்னாடி அடிமடிப்பு நகராம, சாண் இடைவெளியில ஊக்கு குத்திடுங்க. இதை நான் செய்யலை. நடுப்பகுதிக்கு வந்தப்போ துணி பூரி மாதிரி உப்பி நின்னுச்சு. அதை ஒரு மடிப்பாக்கி, மேல ஒரு துண்டை வெச்சு மூடித் தைச்சேன். அந்த இடத்தைக் காட்ட மாட்டேன்!

முக்கியமா, ஆரம்பிக்கும்போதே கணக்குப் போட்டுட்டேன். வரிசைக்கு வரிசை அரை இன்ச் இடைவெளி. அஞ்சடிக்கு மூணரை அடிக்கு மொத்தம் 420 அடித் தையல். ஒரு ராத்திரிக்கு 10 அடி. 42 ராத்திரி. ‘போர்வை முடிக்கணும்’னு நினைச்சா வயித்தைக் கலக்குது. ‘இன்னிக்கு 10 அடி’ன்னா ஒரு கிரிக்கெட் மேட்ச்ல பாதிகூட இல்லை. சுவத்துல கோடு போட்டுக்கிட்டே வந்தேன். நடுவுல காய்ச்சல், ஒரு ரிலீஸ் படம், ஆபீஸ்ல நைட் ஷிஃப்ட். கடைசியில ஆனது 57 ராத்திரி.

காதுகுத்துக்கு முதல் நாள் ராத்திரிதான் நாலாவது பூவைத் தைச்சேன். சீர்த்தட்டுல தேங்காய், பழம், புதுப் பாவாடை சட்டையோட போர்வையும் ஏறிச்சு. அரைப் பவுன் தோடும் வாங்கியிருந்தேன், சம்பளம் வருதே! ஆனா பெரியம்மா தோடைப் பார்க்கவே இல்லை. போர்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “எந்தக் கடையிலடா?”ன்னாங்க. அம்மா அதைக் கையில வாங்கினாங்க. ஒவ்வொரு துண்டா விரலை ஓட்டிக்கிட்டே வந்து, அரக்கு கலர்ல நின்னாங்க. 12 இருக்கான்னு எண்ணியிருப்பாங்கன்னு நினைக்கிறேன். அப்புறம் என் மடியில விரிச்சு, அது மேல பாப்பாவை உட்கார வெச்சாங்க. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவ போட்ட சத்தத்துல கோயில் மணியே கேட்கலை. மூக்கைச் சிந்தினது பூராவும் போர்வையிலதான்.

“இதை மெஷின்ல போடலாமாடா?”ன்னு கேட்டா அக்கா. “போடுக்கா. வெந்நீர் மட்டும் வேண்டாம்”னேன்.

போன வாரம் போன் பண்ணினா. ரெண்டாவதாம், ஆறு மாசம் டைம் இருக்கு. நான் அம்மாகிட்ட போனைக் குடுக்கச் சொல்லி, “அம்மா...”ன்னு ஆரம்பிக்கிறதுக்குள்ளே, “பெட்டியில எது வேணாலும் எடுத்துக்கோ. என் கல்யாணப் புடவை மேல மட்டும் கை வெச்சே, பார்த்துக்கோ!”ன்னுட்டாங்க.