பாதரசமும் ஆராய்ச்சிப் பணமும்

நோய் தொழிலாளியின் உடலில். அதை ஆராயும் பணமோ முதலாளியின் பெட்டியில். இந்த நிலை நீடிக்கும்வரை நியாயம் எப்படிக் கிடைக்கும்?

கொடைக்கானலைப் பாருங்கள். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 1980-களில் பழனி மலைக்கு வந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு முஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் அகப்பட்டபின், 2001-ல் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் தம் நோயைச் சொன்னார்கள். கம்பெனியோ தான் ஏற்பாடு செய்த ஆய்வுகளைக் காட்டி, கேடில்லை என்றது. மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை 2011-ல் கேடு உண்டு என்றது. 591 தொழிலாளருக்கு உடன்பாடு ஏற்பட்டது 2016-ல். பதினைந்து ஆண்டுகள்!

இந்தத் தாமதம் யாருக்கு லாபம்? பாதரச ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. வேலை நின்ற சில மாதங்களில் ரத்தத்திலும் சிறுநீரிலும் அதன் அளவு பெருமளவு இறங்கிவிடும். நரம்பிலும் சிறுநீரகத்திலும் பட்ட கேடு நிலைத்து நிற்கக்கூடும். 'விண்ணப்பம் போட்டிருக்கிறோம், நிதி வரட்டும்' என்று டாக்டர்கள் காத்திருக்கையில் சாட்சி கரைகிறது. பிந்தி வரும் ஆராய்ச்சி வெறுங்கையோடு திரும்பும்.

நாம் கோருவது இதுதான்: தொழில் நோய் ஆராய்ச்சிக்கு முதலாளிகளிடம் வரி வாங்கிச் சர்க்கார் தனி நிதி வைக்கட்டும். விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் தொழிற்சங்கத்துக்கு இடம் தரட்டும். ஆலை ஓடும்போதே பரிசோதனை நடக்கட்டும். முடிவு தமிழில் தொழிலாளியின் கைக்கு வரட்டும். பஞ்சாலைத் தூசிக்கும் வயலில் தெளிக்கும் பூச்சிமருந்துக்கும் இதே நியாயந்தான்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டாம். வேலைப் பகுதி, வேலை செய்த காலம், கண்ட நோய் மூன்றையும் ஒவ்வொரு சங்கமும் இன்றே நோட்டில் எழுதி வைக்கட்டும்!