முதலில் நிற்கிறதா பாருங்கள்

2021 அக்டோபர் 11. இரண்டு தடுப்பூசியும் போட்டவர்கள் மாநில எல்லையைக் கடக்கலாம் என்று அனுமதி கிடைத்த நாள். அந்த வாரச் சனிக்கிழமை விடிவதற்குள் கோலாலம்பூரிலிருந்து தானா ராத்தாவுக்குக் கிளம்பிவிட்டேன். ஜனவரி 13ஆம் தேதி எல்லை மூடியதிலிருந்து ஒன்பது மாதம் அப்பாவைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்திருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா கொட்டகையில் தன் பழைய புரோட்டோன் சாகாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாப்பாவில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போக வேண்டுமாம். தாப்பாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். ஆனால் தானா ராத்தா பகாங், தாப்பா பேராக். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே ஒன்பது மாதமாக ஒரு மாநில எல்லை நின்றிருந்தது.

"என் காரிலேயே போகலாம்பா" என்றேன்.

"அக்கா வீட்டுக்கு என் வண்டியிலதான் போவேன். வாராவாரம் ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணித்தான் வச்சிருக்கேன்."

சாவியைத் திருப்பினார். இரண்டு முறை முனகிவிட்டு மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. "பாத்தியாம்மா!" என்று அப்பா சிரித்த சிரிப்பில் எனக்கும் போகலாம் என்றுதான் தோன்றியது. கொட்டகையை விட்டு வெளியே எடுக்கலாம் என்று நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். வண்டி நகர மறுத்து, பிறகு 'டக்' என்ற சத்தத்தோடு நகர்ந்தது. பிரேக்கை மிதித்தால் கால் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. இந்தக் காலோடு மலை இறங்குவதா? இன்ஜினை அணைத்துவிட்டு மெக்கானிக்கை அழைத்தேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெக்கானிக் வந்து முதலில் பின் சக்கரத்தைக் கழற்றினார். மலை ஈரத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டபடியே விட்டதால் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிப்போயிருந்தது. அதிக நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடச் சொன்னார்.

அடுத்தது பிரேக் ஆயில். பல வருடமாக மாற்றாத ஆயில் கோப்பி நிறத்தில் வந்தது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு ஏறிவிடும். ஆயிலுக்குள் ஆவிக் குமிழ் கிளம்பினால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ரிங்லெட்டைத் தாண்டிய வளைவுகளை நினைத்துக்கொண்டேன். அப்பாவும் அவற்றைத்தான் நினைத்திருக்க வேண்டும். முகம் எங்கள் பக்கம் திரும்பியது.

அப்பாவின் ஐந்து நிமிடக் கணக்கும் தப்புதான். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியில் குறைகிற மின்சாரம், நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால் முழுதாகத் திரும்பாது. இன்ஜின் சரியாகச் சூடாகாததால் ஈரம் ஆயிலிலும் புகைக்குழாயிலும் தங்கிவிடும். வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுவதே நல்லது. மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துவிடும்.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. நல்ல வேளை, வயர் எதையும் கடிக்கவில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2415 என்றால் 2015ஆம் ஆண்டின் 24ஆவது வாரத்தில் செய்தது. அப்பாவின் டயர்களில் இரண்டு வெடித்துக் கோடு விழுந்திருந்தன, மாற்றினோம். இன்ஜின் ஆயில் மாற்றி, ரேடியேட்டர் தண்ணீர் பார்த்து, புதிய பெட்ரோல் ஊற்றினோம். காப்புறுதியும் சாலை வரியும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்தோம். மாலையில் ஊருக்குள்ளேயே இரண்டு சுற்று ஓட்டி, மெதுவாகப் போய்த் திரும்பத் திரும்ப பிரேக் பிடித்துப் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கினோம். நான் ஓட்ட, பக்கத்தில் அப்பா. "கியரைக் குறைம்மா, பிரேக்கையே நம்பாத" என்று வழி நெடுக ஒரே பாடம். லாத்தா இஸ்கண்டார் அருவி வந்தபோதுதான் கொஞ்சம் அமைதியானார்.

தாப்பாவில் அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். அப்பா கதவைத் திறக்கும்முன் கேட்டார்: "ஏன்டா, நேத்தே வரேன்னியே?"

"பிரேக் பார்த்துட்டு வந்தேன்க்கா" என்றார் அப்பா, தானே சொல்லிச் செய்ததுபோல.

உங்கள் வீட்டிலும் தார்ப்பாய் போட்டு மூடிய கார் ஒன்று நிற்கலாம். விடுமுறைக்கு எடுக்கும்முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது என்று மகிழ்ந்து சாலைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். வண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.