நீலத் தொப்பிப் பெண்கள்

ஒரகடத்தில் குடியிருக்கும் சிநேகிதி ஒருத்தி போன வாரம் ஒரே புலம்பல். அவள் மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். "இப்ப சி.ஆர்.பி.எஃப். பரீட்சை எழுதறேன்னு நிக்கிறாக்கா. போலீசுன்னாலே எனக்கு வயத்தைக் கலக்குது. இதுல வெளிநாட்டுக்கு வேற அனுப்புவாங்களாமே?"

அனுப்பியிருக்கிறார்கள், சகோதரிகளே! அந்தக் கதையைக் கேளுங்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா என்றொரு சின்ன நாடு. 1989இல் தொடங்கி 2003 வரை, நடுவே கொஞ்ச காலம் ஓய்ந்ததைத் தவிர, உள்நாட்டுப் போர். அதில் பெண்கள் பட்ட கொடுமை சொல்லி மாளாது. யூனிபாரம் போட்ட ஆணைக் கண்டாலே நடுங்குகிறவள் போலீசிடம் போய் எப்படி வாய் திறப்பாள்? 2007 ஜனவரியில் ஐ.நா. சபையின் அமைதிப் பணிக்காக நம் சி.ஆர்.பி.எஃப். பெண்கள் நூறு பேருக்கு மேல் தலைநகர் மன்ரோவியாவில் போய் இறங்கினார்கள். பெண்களே நிறைந்த ஐ.நா. போலீஸ் படை என்பது உலகத்திலேயே அதுதான் முதல். தலைவி சீமா துண்டியா. வண்டி ஓட்டவும் சமைக்கவும் மட்டும் கூடவே சில ஆண்கள். (சமையலுக்கு ஆண்கள்! நம் வீட்டுக்காரர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.)

ஜனாதிபதி எலன் ஜான்சன் சர்லீஃப் அலுவலகத்துக்குக் காவல், லைபீரியப் போலீசாருடன் ராத்திரி ரோந்து, கலவரம் என்றால் கூட்டத்தை அடக்குவது என்று வேலை. ஓய்வு நேரத்தில் அந்த ஊர்ப் பெண்களுக்குத் தற்காப்பும் கம்ப்யூட்டரும் சொல்லிக் கொடுத்தார்கள். இவர்களைப் பார்த்து அங்குள்ள பெண்களுக்கும் தைரியம் வந்தது. 2016இல் கடைசிக் குழு ஊர் திரும்பும்போது, நூற்றுக்கு 6 ஆக இருந்த லைபீரியப் பாதுகாப்புத் துறைப் பெண்கள் 17 ஆகியிருந்தார்கள் என்று ஐ.நா.வே சொன்னது.

நம் தமிழ்நாட்டில் 1973இல் இருபத்திரண்டு பெண்களோடு ஆரம்பித்ததுதான் பெண் போலீஸ். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் வந்தது. ஆனாலும் போதுமா? ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் விடுதிகளில் வெளியூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டு பலர் ஆஸ்பத்திரியில் சேர, சிலர் செத்துப்போனதாக வதந்தி கிளம்பி, பெண்கள் நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மாதிரிச் சமயத்தில் பக்கத்தில் உட்கார்ந்து "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கிற காக்கிச் சேலைகள் நிறைய வேண்டும் என்பது என் கட்சி. விடுதி வாழ்க்கை தெரிந்த பெண்ணே அந்த வேலைக்கு வந்தால் இன்னும் நல்லதுதானே?

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். லைபீரியாப் பணி ஒரு தடவைக்கு ஒரு வருஷம். போனவர்களில் பிள்ளை பெற்ற தாய்மார்களும் உண்டு. பிள்ளைகளைப் பாட்டியும் அப்பாவும் பார்த்துக்கொண்டால்தான் முடியும். இதைக் கல்யாணத்துக்கு முன்பே பேசிவிடுவது உத்தமம்.

போலீஸ் வேலையோ கம்பெனி வேலையோ, அந்தப் பக்கத்து நாடுகளுக்குக் கிளம்புகிற யாரும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இது மஞ்சள் காமாலை அல்ல. டெங்குவைப் பரப்புகிற அதே கொசுதான் இதையும் பரப்புகிறது. பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். ஒரு ஊசி ஆயுசுக்கும் போதும். சர்டிபிகேட்டைப் பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வையுங்கள்; அது இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலேயே தடுத்து, ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்குப் பாலூட்டுகிறவர்கள், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது.

மலேரியாவுக்கு மாத்திரையும் கொசுவலையும். ஊர் திரும்பி ஒரு வருஷத்துக்குள் காய்ச்சல் வந்தால், "நான் ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள்.