சத்திரசிகிச்சை இல்லை என்றால் வைத்தியமும் இல்லையா?

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய வாரம், எம்மோடு கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் முகக்கவசத்துடன் வந்தார். கொவிட் முடிந்து இத்தனை வருடமாகியும் இதென்ன என்று பகிடியாகக் கேட்டோம். தடிமன் என்றார். மூன்றாம் நாள், ஆசிரியர் ஓய்வறையில் நானும் அவரும் தனியே இருந்தபோது கழற்றிக் காட்டினார். இடது கன்னத்தில் குழி விழுந்திருந்தது. காதுக்கு முன்னால் சிவந்து வீங்கிய இடத்தில் நூலின் நுனி ஒன்று மயிர் போல வெளியே தெரிந்தது.

மகளின் வலீமாவுக்கு முன்னர் அழகு நிலையம் ஒன்றில் 'த்ரெட் லிஃப்ட்' செய்திருக்கிறார். ஒரு மாதச் சம்பளத்துக்கும் அதிகமான பணம். "ஒப்பரேஷன் இல்லை ராத்தா, வெட்டு இல்லை, தையல் இல்லை, அரை மணித்தியால வேலை" என்று சொல்லியிருக்கிறார்கள்.

வெட்டு இல்லை என்பது உண்மைதான். ஆனால் நடப்பது என்ன? முகத்தை விறைக்கச் செய்ய மயக்க ஊசி போடுகிறார்கள். பின்னர் ஊசி அல்லது மெல்லிய குழாய் மூலம், சிறு முட்கள் கொண்ட நூலைத் தோலுக்குக் கீழே செலுத்தித் தளர்ந்த தசையை மேலே இழுக்கிறார்கள். இப்போது அதிகம் பாவிக்கப்படும் பொலிடயோக்சனோன் நூல், சத்திரசிகிச்சையில் உட்தையல் போட வைத்தியர்கள் பாவிக்கும் அதே பொருள். சுமார் ஆறு மாதத்தில் உடலில் கரைந்துவிடும். பலருக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் முகம் பழையபடி ஆகிவிடுகிறது. 1990களில் முள் நூலை முகத்துக்குப் பிரபலமாக்கிய மார்லென் சுலமனிட்சே கூட மொஸ்கோவில் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர்தான், அழகுக்கலைஞர் அல்ல.

நூல் மேலோட்டமாகப் போனால் தோலில் குழி விழும். ஆழமாகப் போனால் முக நரம்பு, இரத்தக் குழாய், உமிழ்நீர்ச் சுரப்பி எல்லாம் அந்த வழியில்தான் இருக்கின்றன. கிருமி தொற்றலாம், முகம் ஒரு பக்கம் கோணலாம். கட்டுப்பாடில்லாத நீரிழிவு உள்ளவர்கள், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்கள், காயம் ஆறினால் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு கொண்டவர்கள் இதற்கு ஏற்றவர்களா என்று முதலில் பார்க்க வேண்டும். எங்கள் ஆசிரியைக்கு ஐந்து வருடமாகச் சீனி வருத்தம். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

சட்டம் இல்லாத நாடல்ல நம்முடையது. பதிவு செய்யாதவர் வைத்தியம் பார்ப்பது குற்றம். மருத்துவ சாதனங்கள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. தனியார் வைத்திய நிலையங்களைப் பதிவு செய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் வைத்தியசாலை, டிஸ்பென்சரி என்று பெயர்ப்பலகை தொங்கும் இடத்தையே பார்க்கின்றன. 'பியூட்டி' என்று பலகை போட்டவரின் பின்னறையை யார் பார்ப்பது?

இங்கிலாந்து இதே ஓட்டையால் அடிபட்டுத்தான் விழித்தது. 18 வயதுக்குக் குறைந்தோருக்கு அழகுக்காக போட்டொக்ஸ், ஃபில்லர் போடுவதை 2021இல் தடை செய்தார்கள். சத்திரசிகிச்சையற்ற அழகுச் சிகிச்சைகளுக்கு அனுமதிப்பத்திர முறை கொண்டுவரும் அதிகாரத்தை 2022ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் அரசுக்குக் கொடுத்தது. ஆபத்துக் கூடியவற்றைத் தகுதியுள்ள சுகாதாரத் துறையினர் மட்டுமே செய்யலாம் என்ற திட்டம் 2025 ஆகஸ்டில்தான் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய சுகாதார சேவை உள்ள நாட்டிலேயே இத்தனை தாமதம்.

நம் பெண்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதையும் பேச வேண்டும். அழகு நிலையத்தில் எல்லோரும் பெண்கள். பர்தாவைக் கழற்றக் கூச்சமில்லை. வைத்தியரிடம் போனால் ஆணாக இருப்பாரோ என்ற தயக்கம். செய்து முடித்த பிறகு இன்னொரு பயம்: ஊர் என்ன சொல்லும்? இது மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்பதை உலமாக்களிடம் விடுகிறேன். ஆனால் செய்துவிட்டு வேதனையில் இருப்பவளிடம் முதலில் பத்வா பேசினால், அவள் அடுத்த முறை வைத்தியரிடமும் சொல்ல மாட்டாள். எங்கள் ஆசிரியை பத்து நாள் ஃபார்மசியில் தானாக அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்கியது அதனால்தான். கணவருக்குக் கூட முழுக்கதை தெரியாது.

செய்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒன்று. செய்பவரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். சுவரில் தொங்கும் மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. தோல் சிகிச்சையிலும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையிலும் நிபுணத்துவம் பெற்ற பெண் வைத்தியர்களும் இருக்கிறார்கள், கேட்டால் கிடைப்பார்கள். நூல் வந்த பெட்டியின் ஸ்டிக்கரையும் பற்றுச்சீட்டையும் வாங்கி வையுங்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஆசிரியையை நான் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனபோது வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "என்ன நூல், எத்தனை போட்டார்கள்?" என்பதுதான். அவரிடம் பதில் இல்லை. அழகு நிலையத்துக்கு அழைத்தோம். "எங்களிடம் அப்படி எதுவும் செய்வதில்லை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். நூலை எடுத்தாயிற்று, வீக்கம் இறங்கிவிட்டது, குழி இன்னும் இருக்கிறது. முறைப்பாடு செய்யச் சொன்னேன். மகளின் சம்பந்தி வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று மறுத்துவிட்டார்.