நாய்க்கு இயற்கை உணவு யாது?

நாய் பெற்ற தெங்கம்பழம் என்பது நம்மவரிடை வழங்கும் பழமொழி. உடைத்து உண்ணவும் மாட்டாது, விட்டுச் செல்லவும் மனமின்றி, தேங்காயை உருட்டித் திரியும் நாயை நோக்கி நகைப்பது அது. ஆயினும், நாயின் உடலுக்குப் பயன்படாத உணவை நாள்தோறும் அதன் முன் வைத்துவிட்டு, கடமை முடிந்தது என்று கருதும் மாந்தரன்றோ அந்நகைப்பிற்குப் பெரிதும் உரியர்?

இனயம் முதலிய மேலைக்கடற்கரை ஊர்களில் நாய்க்கு உணவிடும் முறை இருவகையாக அமைதல் காணலாம். வள்ளம் கரைசேரும் வேளையில் வலையினின்று உதிரும் பச்சை மீனை உண்டு வாழ்வன ஒரு சாரார் நாய்கள். தோப்புகளின் நடுவேயுள்ள இல்லங்களில் வெறுங்கஞ்சியும் மரச்சீனியும் பெற்று வாழ்வன மற்றொரு சாரார். முன்னதே இயற்கை என்பார் சிலர்; பின்னதே போதும் என்பார் பலர். இவ்விரண்டும் குறையுடையன என்பதே நம் கருத்து.

பச்சை உணவே இயற்கை என்னும் கொள்கை மேனாட்டிலும் உண்டு. 1860-ஆம் ஆண்டையொட்டி ஜேம்ஸ் ஸ்பிராட் என்பார் இலண்டனில் நாய்க்கென பிஸ்கட் செய்து விற்கத் தொடங்கினார். அதுமுதல் பெருகிய ஆலையுணவை வெறுத்து, ஆஸ்திரேலிய நாட்டுக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் நூலொன்று எழுதி, பச்சை இறைச்சியும் எலும்பும் இடுமாறு அறிவுறுத்தினார். நாய் ஓநாயின் வழித்தோன்றல் என்பதே இக்கொள்கையின் அடிப்படை.

வழித்தோன்றல் என்பது மெய்யே. ஆனால் நாய் இன்று ஓநாய் அன்று. சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்து எரிக் ஆக்செல்சன் முதலியோர் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கிற்று. மாச்சத்தைச் செரிக்கும் நொதியை ஆக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே உள்ளது. நாயிடமோ நான்கு முதல் முப்பது படிகள்வரை காணப்பட்டது. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனோடு உடன் உண்டமையால் அதன் வயிறே மாறிற்று. ஆதலின் வெந்த சோறு நாய்க்குப் பகையன்று.

பகையன்று எனினும் அது மட்டும் போதுமோ? போதாது. 1919-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளை வீட்டினுள் வைத்துப் பெரும்பாலும் தானியக் கூழே ஊட்டி வளர்த்தார். அவற்றின் எலும்புகள் வளைந்தன. மீனெண்ணெய் பெற்றவை அந்நோய்க்கு ஆளாகவில்லை. குழந்தைகளின் கணைநோய்க்கு மருந்து காண உதவியவை அந்நாய்க்குட்டிகளே. நாய் நம்மைப்போல் வெயிலினின்று வைட்டமின் டி-யை வேண்டுமளவு பெறவும் இயலாது. உணவின் வழியாகவே பெறுதல் வேண்டும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் பரப்பிய மரச்சீனி ஏழைமக்களின் பசியைத் தணித்தது. அதில் மாவு மிகுதி, புரதமோ மிகக் குறைவு. அதனை மட்டுமே தின்று ஒரு குட்டி வளர்தல் எங்ஙனம்?

இனி, கரையில் கிடைக்கும் பச்சை மீனின் நிலை யாது? சாளையினத்து மீன்கள் சிலவற்றில் வைட்டமின் பி-1-ஐ அழிக்கும் பொருள் ஒன்று உண்டு. நாள்தோறும் பச்சையாகவே உண்ணின் நரம்புத்தளர்ச்சி நேரும். வேகவைப்பின் அப்பொருள் கெடும். பேத்தை மீனின் நஞ்சோ வேகவைத்தாலும் நீங்காது. அதனை மணலில் எறிந்துவிட்டுச் செல்லுதல் நாயின் உயிரோடு விளையாடுவதாகும்.

ஆதலின் நாம் கூறும் முறை எளியது. வேகவைத்த சாளை அல்லது அயிலையின் பெருமுட்களை நீக்கிச் சோற்றோடு பிசைந்து இடுக. மரச்சீனியாயின் நன்றாக அவித்து, நீரை வடித்து, சிறிதளவே சேர்க்க. வாய்ப்புள்ளோர் முட்டையும் ஈரலும் இடையிடையே அளிக்க. உள்ளியும் மிளகாயும் சேர்ந்த குழம்பை ஊற்றற்க. உள்ளி நாயின் செங்குருதியணுக்களை அழிக்கும். உப்பேறிய கருவாடும், வெந்த கோழியெலும்பும் ஆகா. நன்னீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும். குட்டிக்கும் சினைநாய்க்கும் எலும்புச்சத்து மிகுதியாக வேண்டுமாதலால் கால்நடை மருத்துவரைக் கேட்டு அளவறிந்து இடுக.

மக்களே மீனின்றி வருந்தும் நாளில் நாய்க்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்பார் உளர். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கரையோரத்து இல்லங்கள் படும் இடரை நாம் மறந்திலேம். ஆயினும் நாம் கேட்பது நம் தட்டிலுள்ள மீனையன்று. அரியுங்கால் கழிக்கும் தலையையும் வாலையும் அடுப்பில் ஏற்றி, முள் களைந்து தரும் சிறு உழைப்பையே. வாசலில் நிறைவாக உண்ணும் நாய் குப்பையை நாடித் திரிதல் குறையும். அதனைப் பிடித்து வெறிநோய்த் தடுப்பூசி இடுவதும் எளிதாம். அதனால் காக்கப்படுவோர் நம் குழந்தைகளேயாவர்.

இயற்கை உணவு என்பது பச்சையாக எறிவதும் அன்று, எஞ்சியதைக் கொட்டுவதும் அன்று. உண்ணும் உயிரின் இயல்பறிந்து இடுவதே. மாணவ நண்பர்கள் இவ்விடுமுறையில் ஊர் திரும்பும்போது, தம் இல்லத்து நாயின் கலத்தை ஒருமுறை குனிந்து நோக்குவாராக. அதனுள் இருப்பது உணவோ, தெங்கம்பழமோ என்பது அப்போது விளங்கும்.