மாளிகை எழுந்தது, வயிறு நிறைந்ததா?

வல்லம் வடகாலில் வானளாவி நிற்கிறது ஒரு மாளிகை. செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய்; 18,720 பெண்கள் தங்க இடம்! 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட இம்மாளிகை மன்னர்க்கு அன்று. உழைத்துக் குடும்பம் தாங்கும் மகளிர்க்கு! மகிழ்கிறோம். மகிழும்போதே 2021 டிசம்பரையும் நினைக்கிறோம்.

அன்று ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவே நஞ்சாயிற்று. 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தனர். மங்கையர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர், ஆலை மூடிற்று. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஒத்தவையல்ல என்று ஆப்பிள் நிறுவனமே அறிவித்தது. உலகுக்கு ஐபோன் செய்து தந்த கைகளுக்கு ஒழுங்கான சோறு இல்லை!

அது பிறர் கெடுத்த சோறு. தானே தள்ளிவைக்கும் சோறும் உண்டு, தோழர்களே! கல்லூரி விடுதிகளைப் பாருங்கள். உடம்பு பெருத்துவிடும் என்று அஞ்சிக் காலையில் பட்டினி. பசி தாளாமல் இரவில் அளவின்றி உண்ணல். பிறகு உண்டதை வெளியேற்றத் துடித்தல். பிடிவாதம் என்கிறார்கள் பெரியவர்கள். பிடிவாதமன்று, பிணி! தன்னைத்தானே பட்டினி போடும் இப்பிணிக்கு 'அனோரெக்சியா நெர்வோசா' என்று 1873-லேயே பெயரிட்டார் லண்டன் மருத்துவர் வில்லியம் கல். முற்றினால் மாதவிடாய் நிற்கும், எலும்பு நலியும், இதயம் தளரும், உயிரும் போகும்.

யார் கற்பித்த பாடம் இது? பெண்ணுக்குச் சிற்றுணவே அழகென்று கொன்றை வேந்தனில் படித்த நாடன்றோ! உபதேசத்துக்குப் பின் சினிமாத் திரை வந்தது. திரைக்குப் பின் கைப்பேசி வந்தது. கட்டளை மட்டும் மாறவில்லை: பெண்ணே, குறைத்து உண்!

விளைவு? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. காரணங்கள் பல; கவனியாத தட்டும் அவற்றில் ஒன்று.

ஆலைக்கு வருபவரில் பலர் பட்டமும் பட்டயமும் படித்தவர்கள். நேற்றைய மாணவியே இன்றைய தொழிலாளி. ஆகவே இருவருக்கும் ஒரே நீதி கேட்கிறோம். விடுதிதோறும் பெண்களே நடத்தும் உணவுக்குழு வேண்டும். எந்த ஷிப்டு முடித்து வந்தாலும் சூடான சோறு வேண்டும். எடையைச் சொல்லி ஏளனம் செய்யாத, மனநோய் அறிந்த மருத்துவர் வேண்டும்.

சுவர் எழுப்பியது சாதனை. அச்சுவருக்குள் ஒரு பெண் அச்சமின்றி, வெட்கமின்றி வயிறார உண்பதே வெற்றி!