யானையின் காதில் 85

‘அவசரம்’ தமிழில் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு, தெலுங்கில் தேவை. ஒலி ஒன்றாயினும் பொருளை வழங்குவது பேசும் சமூகமே. பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணும் இத்தகையது. விலங்கின் உடலில் அதைப் பொருத்தும்போது எண்ணை மட்டும் கடன் வாங்குகிறோம்; பொருளும் கூடவே வந்துவிட்டதாக நம்புகிறோம்.

1974இல் ஜப்பானின் தக்குவோ அயோயாகி முன்வைத்த முறை இது. சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய இரு ஒளிகளும் நாடித்துடிப்போடு எவ்வளவு ஏறியிறங்குகின்றன என்பதன் விகிதத்தைக் கருவி கணிக்கிறது. அவ்விகிதத்தை விழுக்காடாக மாற்றும் அட்டவணை நலமான மனிதத் தன்னார்வலர்களிடமிருந்து பெறப்பட்டது. மனிதருக்குள்ளேயே கருந்தோலர்களிடம் அது பிழைபடுவதை 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று.

மாணவர் திட்டங்களில் வழங்கும் எளிய சூத்திரம், 110இலிருந்து விகிதத்தின் 25 மடங்கைக் கழிப்பது. நாடி பிடிபடாமல் இரைச்சல் மட்டுமே உணரியை எட்டினால் விகிதம் 1ஐ நெருங்கும். திரை 85 காட்டும். அப்படியானால் தடித்த, கருத்த யானைக்காதில் கிடைத்த 85 ஆக்சிஜன் குறைவா, வெறும் இரைச்சலா? அளவு சரியாகவே இருந்தாலும் சிக்கல் தீராது. மனிதரில் 90 விழுக்காடு என்பது தமனியில் ஏறத்தாழ 60 மி.மீ. பாதரச ஆக்சிஜன் அழுத்தம். யானையின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றுவதால் அங்கே அதே 90, இன்னும் குறைந்த அழுத்தத்தையே சுட்டும்.

இது ஏட்டுச் சிக்கலன்று. 2024 பிப்ரவரி 2 அன்று மானந்தவாடியில் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட தண்ணீர்க் கொம்பன், நம் மைசூருக்கு அருகிலுள்ள பந்திப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு மறுநாளே இறந்தது. ஆக்சிஜன் குறைவே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இத்தகைய ஒவ்வொரு நடவடிக்கையிலும் நாடி அலை, உணரி பொருத்திய இடம், நேரம், இயன்றால் தமனி இரத்தப் பரிசோதனை ஆகியவை பதிவாகி ஆய்வாளர்களுக்குக் கிடைக்க வேண்டும். கால்நடை மருத்துவர்கள் தனி எண்ணைவிட அதன் போக்கையே கவனிக்கிறார்கள். கிளிப் நெடுநேரம் நாக்கை அழுத்தினால் அளவு சரியும் என்பதறிந்து இடம் மாற்றுகிறார்கள். அந்தக் கைப்பழக்கம் எழுத்தில் ஏறுவதில்லை என்பதே என் குறை.

தேவராஜ மொஹல்லாவின் மருந்துக்கடைகளிலேயே கிடைக்கும் கருவியைப் பசுவின் காதில் மாட்டி அறிக்கை எழுதும் நண்பர்களே, தமனி இரத்தத்தோடு ஒப்பிடாத வரையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் விழுக்காட்டுக் குறி இடாதீர்கள். உணரியின் மூல அலையைப் பெற முடிந்தால் விகிதத்தை விகிதமாகவே வரையுங்கள்.